தாவீது ஏன் இறங்கினான்

1

இந்த நாட்டில் சைக்கிளுக்கும் நம்பர் உண்டு. ஆம்பூரில் இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள். பின்சக்கரத்துக்கு மேலே ஒரு தகரத் தகடு, அதில் ஓர் எண். அதை வருஷா வருஷம் புதுப்பிக்க டவுன் ஆபீசுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். சைக்கிளைக் கொண்டு வா என்பான். கொண்டு போனால், உள்ளே கொண்டு வராதே என்பான். வெளியே நிறுத்தினால் பூட்டவில்லையே என்று போலீஸ்காரன் அதட்டுவான். போன வருஷம் அந்தத் தாளில் என் பெயர் வரவேண்டிய இடத்தில் என் தகப்பனார் பெயரை எழுதிவிட்டார்கள். செத்துப் பன்னிரண்டு வருஷமான மனிதர் ஒரு வருஷம் முழுக்க மலாயாவில் சைக்கிள் ஓட்டினார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனாலும் அன்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெஸ்ஸர். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வந்து தலையைக் காட்டுவார். மற்ற நாளெல்லாம் புண் கழுவுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, கட்டுப் போடுவது, திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை. வருகிற காயங்களில் ரப்பர் கத்தி வெட்டுக்கு அடுத்தபடி சைக்கிள் காயம்தான் அதிகம். சிராய்த்த முழங்கால், விலகின தோள்பட்டை, கிழிந்த காது. எல்லாரும் சொல்லும் கதையும் ஒன்றுதான். பின்னாலே ஹாரன் கேட்டது, திரும்புவதற்குள் மேலேயே வந்துவிட்டான். லாரி ஓட்டுகிறவனுக்கு ரோட்டில் சைக்கிள் என்று ஒன்று போவதே கண்ணில் படுவதில்லை.

தோட்டத்துக்குள்ளே இன்னொரு சட்டம் இருக்கிறது. எந்தத் தாளிலும் எழுதாத சட்டம். துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி, ஓரமாக நின்று, கார் போன பிறகுதான் ஏற வேண்டும். பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவனும் இறங்க வேண்டும், கிராணி என்று இங்கே சொல்லுகிற குமாஸ்தாவும் இறங்க வேண்டும், டிரெஸ்ஸரும் இறங்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நான் கப்பல் ஏறியிருக்க வேண்டியதில்லை. ஆம்பூரிலேயே இது எனக்குப் பாடம்.

என் மகள் கிருபை இங்கே பிறந்தவள், பதினாறு வயது. டவுன் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிறாள். அங்கே அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்; அதற்கும் அர்த்தம் கிருபைதானாம். சந்தையைப் பாசார் என்பாள். யாராவது வீட்டுக்கு வந்தால் பசியாறிட்டீங்களா என்பாள். நான் மறந்துபோய் "இன்னாம்மா" என்று கூப்பிட்டால், "அப்பா, என் சிநேகிதிங்க முன்னாடி மட்டும் இன்னான்னு சொல்லாதீங்க, சிரிக்கிறாங்க" என்பாள். சிரிக்கட்டுமே என்று சொல்ல வாய் வரும். சொல்ல மாட்டேன். தோட்டத்துச் சட்டம் அவளுக்குப் பிடிக்காது. துரையின் கார் வருகிற நேரம் பார்த்து வீட்டிலேயே இருந்துவிட்டுப் பிறகு கிளம்புவாள். அது சாமர்த்தியம் என்று நானும் விட்டுவிட்டேன்.

2

தை பிறந்தால் சலோமியின் கடிதம் வரும். சலோமி என் தம்பி தாவீதின் மனைவி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னே ஒரு தை மாதத்தில், வாணியம்பாடியிலிருந்து ஆம்பூருக்கு வருகிற பெங்களூர் ரோட்டில், சைக்கிளில் வந்துகொண்டிருந்த தாவீது கார் மோதிச் செத்துப்போனான். அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்.

சலோமிக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நம் சபை உபதேசியார் எழுதுவார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம், அவள் பேச்சை அப்படியே எழுதுவார், திருத்த மாட்டார். இந்த வருஷத்துக் கடிதம் இதுதான்:

"மாமாவுக்கு ஸ்தோத்திரம். இங்க எல்லாரும் சொகம். ஆடு ரெண்டு குட்டி போட்டுது. கிருபை எப்டி இருக்கா? கவரு மேல அவ கையெழுத்தப் பாத்தா அவளயே பாத்தா மாதிரி இருக்குது. மாமா, அன்னிக்குக் காலைல அவரு நேரமாய்ச்சு நேரமாய்ச்சுன்னு பேஜார் பண்ணாரு. நானும் தூக்க அவசரமாக் கட்னேன். ரெட்ட முடிச்சாப் போட்டிருந்தா தூக்கு உழுந்திருக்காது. தூக்கு உழலன்னா அவரு எறங்கி இருக்க மாட்டாரு. அப்டித்தானே மாமா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தினமும் காலையில் சலோமி கூழை ஒரு தகரத் தூக்கில் ஊற்றி, பழைய சேலைக் கரையைக் கிழித்த துணியால் சைக்கிள் கைப்பிடியில் கட்டி அனுப்புவாள். அவன் செத்துக் கிடந்த இடத்தில் அந்தத் தூக்கும் கூழ் கொட்டிக் கிடந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான், "தூக்கு அவுந்து உழுந்திருக்கும், எடுக்கலாம்னு எறங்கிக்கிறான் பாவம்" என்று சொன்னான். அது அவள் காதில் விழுந்தது. அன்று விழுந்தது இன்னும் வெளியே வரவில்லை.

அன்று முதல் அவள் எதையும் கட்டுவதில்லை. ஆட்டைக் கட்ட அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறாளாம். அவளுடைய தங்கை பிள்ளை பெற்று வந்தபோது, தூளி கட்டச் சொன்னதற்கு, "என் கை முடிச்சு நிக்காது, வேற யாரனா கட்டுங்க" என்று எழுந்து வெளியே போய்விட்டாளாம். இதை உபதேசியார் தனியாக ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தார்.

அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தாவீது தூக்கை எடுக்க இறங்கவில்லை. அவன் எதற்கு இறங்கினான் என்று தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். ஆனால் வருஷா வருஷம் நான் எழுதிய பதில், "தேவ சித்தம், விசனப்படாதே" என்பதுதான். தேவனுடைய பெயரைச் சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன். எழுதப் பழகின நாள் முதல் அந்தக் கவர்களில் விலாசம் எழுதியது கிருபை. எனக்கு ஆங்கில எழுத்து அழகாக வராது.

இந்த வருஷமும் அதையே எழுதி ஒட்டி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் தபாலில் போடலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

3

கோயில் டவுனில் இருக்கிறது. தோட்டத்து வாசலைத் தாண்டினால் சர்க்கார் ரோடு, நல்ல தார் ரோடு. வழவழப்பாக இருப்பதனாலேயே கார்கள் பறக்கும். நான் முன்னே, கிருபை என் பின்னாலே. என் வீட்டுக்காரிக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை. கிருபை ஏதோ பாட்டு வாத்தியாரம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் பேச்சில் பாதி எனக்குப் புரிவதில்லை, உம் கொட்டுவேன்.

பின்னாலே ஹாரன் கேட்டது. துரையின் கார் ஹாரன். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். கேட்டதும் நான் இறங்கினேன். யோசித்து இறங்கவில்லை. காலே இறங்கிவிட்டது. இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கட்டைபோல அப்படியே நின்றுவிட்டேன்.

இரண்டு முழ தூரத்தில் பின்னால் வந்தவள் என்ன செய்வாள்? என்மேல் மோதாமல் வலது பக்கம் ஒடித்தாள். காரின் மட்கார்டு அவள் கைப்பிடியில் பட்டது. சைக்கிள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். நான் ஓடிப் பார்த்தபோது வலது மணிக்கட்டு கோணிக்கொண்டு கிடந்தது. தொட்டதுமே எலும்பு போய்விட்டது என்று தெரிந்தது. ஊரார் கையை எல்லாம் அசங்காமல் கட்டினவன், என் பிள்ளை கையைத் தூக்கப் பயந்தேன்.

துரை இறங்கி வந்தார். காரின் மட்கார்டைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். அவர் தோட்டத்துத் தமிழ் பேசுவார். "டிரெஸ்ஸர், பொண்ணுக்கு ஓட்டத் தெரியாதா? ஓரம் போகச் சொல்லு" என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் காரில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரியில் விட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். வழியெல்லாம் நான் காரின் ஆசனத்து நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள். பெயர், வயது, இனம், சைக்கிள் நம்பர், கார் நம்பர், விபத்தின் காரணம். குமாஸ்தா ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். அவரே எழுதிக்கொண்டு வந்து, "சைக்கிள் ஓட்டின பிள்ளையின் கவனக்குறைவு எண்டு போடட்டோ?" என்று கேட்டார். நான் தலையாட்டப் போனேன்.

கட்டை வைத்துக் கட்டிய கையோடு பெஞ்சியில் இருந்த கிருபை சொன்னாள்: "நான் கவனமாத்தான் வந்தேன். அப்பா திடீர்னு இறங்கினாங்க."

"நீங்கள் ஏன் இறங்கினனீங்கள்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் கிருபையின் கைக்கட்டைப் பார்த்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். "அப்ப, காரணமின்றி இறங்கியதால் எண்டு எழுதிறன்" என்றார்.

காரணமின்றி. தாவீதுக்கு எழுதின அதே வார்த்தை. பதினெட்டு வருஷம் கழித்து, கடல் தாண்டி, வேறொரு மேஜைமேல் அந்த வார்த்தையை எழுதப் பேனா இறங்குகிறது. நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "இல்லை ஐயா, காரணம் உண்டு. காருக்கு மரியாதை கொடுக்க இறங்கினேன். அப்படியே எழுதுங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அதையெல்லாம் எழுத இதிலை இடமில்லை, டிரெஸ்ஸர்" என்றார். கடைசியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்.

4

தாவீது முதலில் வாணியம்பாடி டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தான். மயிர் கழலுவதற்காகத் தோலை ஊறப்போடுகிற தொட்டியில் இறங்கி நின்று புரட்டுகிறவன் கால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இடது பாதத்தில் ஒரு புண். ஆறும், மறுபடி வாய் திறக்கும். நான் அப்போது ஓர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடப் பழகிக்கொண்டிருந்தேன். அந்தக் காலில்தான் நான் தொழில் கற்றேன் என்று சொல்லலாம்.

அவனுக்கு நாலு எழுத்துத் தெரியும் என்பதால் முதலாளி அவனைத் தொட்டியிலிருந்து ஏற்றி மண்டி வேலைக்குப் போட்டார். டேனரி வாணியம்பாடியில், தோலைத் தரம் பிரித்து விற்கிற மண்டி ஆம்பூரில். இரண்டுக்கும் நடுவே மாதிரித் தோல்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, சீட்டு எடுத்துக்கொண்டு போய்வர ஓர் ஆள் வேண்டும். மண்டி சைக்கிள் ஒன்றைக் கொடுத்தார்கள். அடேயப்பா, அந்தச் சைக்கிள் வந்த அன்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சலோமியைவிட அதைத்தான் அதிகம் கொஞ்சுகிறான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். ஆளில்லாத ரோட்டிலும் மணி அடித்துக்கொண்டு போவான்.

அப்போது நம் பக்கத்தில் இருந்த கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரோட்டில் கட்டை வண்டிதான் ஜாஸ்தி. கார் வந்தால் ஒரு பர்லாங்குக்குத் தூசி நிற்கும். அதற்குள் சைக்கிள் போனாலும் தெரியாது, மாடு போனாலும் தெரியாது. கார்க்காரன் ஹாரனின் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே வருவான். எந்தக் காரின் சத்தம் எது என்று ரோட்டில் போகிற எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் மண்டி ரைட்டர் முதுகுக் கட்டிக்கு மருந்து போட ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரைட்டர் என்றால் மண்டியில் முதலாளிக்கு அடுத்த ஆள். நான் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்:

"உன் தம்பிக்குத் திமிரு ஜாஸ்தி ஆய்டுச்சுடா. மொதலாளி காரு வருது, இவன் சீட்டு மேலயே உக்காந்துகினு போறான். எறங்கி நிக்கணும்னு தெரியாது? தரம் பிரிக்கிறவன், மூட்ட தூக்கற நாட்டாமக்காரன்லாம் எறங்கறான். இவனுக்கு இன்னா? சொல்லி வை. உங்கப்பனும் டேனரிலதான் இருக்கான், ஞாபகம் வச்சிக்கோ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கோபத்தை ரைட்டர்மேல் காட்ட முடியுமா? வீட்டுக்கு வந்து தம்பிமேல் காட்டினேன். சாயங்காலம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சலோமி தண்ணீருக்குப் போயிருந்தாள். அவன் காலை மடியில் வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தேன்.

"மொதலாளி காரு வந்தா எறங்க மாட்டியா நீ?"

"அவரு கார்ல போறாரு அண்ணா. நான் எறங்குனா இன்னா, உக்காந்திருந்தா இன்னா? அந்தத் தூசில அவருக்கு என்னத் தெரியவே தெரியாது."

"ரைட்டருக்குத் தெரியுது."

"ரைட்டரு கார்லயா வர்றாரு?"

"வாய் ஜாஸ்தி பேசாத. அப்பா வேல போய்டும். ஹாரன் கேட்டா எறங்கு. யாரு வர்றாங்கன்னு திரும்பிப் பாத்துகினு இருக்காத, கேட்டதும் எறங்கிடு. இன்னொண்ணு, இந்தக் காலு மேல பாரத்தப் போடாத. எறங்கும்போது வலது கால ஊணி எறங்கு. இன்னா, காதுல உழுதா?"

அவன் சிரித்தான். "ஒரே நாள்ல எத்தினி சட்டம் போட்ற நீ. செரி அண்ணா. உனுக்காக எறங்கறேன்."

ஒன்பது நாள் கழித்து, மின்னூர் தாண்டி, பின்னாலிருந்து முதலாளி கார் ஹாரன் கேட்டது. அவன் நான் சொன்னபடியே செய்தான். திரும்பிப் பார்க்கவில்லை. இடது காலில் பாரம் போடவில்லை. வலது பெடலில் நின்று, இடது காலைத் தூக்கிப் போட்டு, வலது பக்கமாக இறங்கினான். நம் ரோட்டில் சைக்கிள் போவது இடது ஓரம். அதற்கு வலது பக்கம் நடு ரோடு, கார் வருகிற பக்கம். உடம்பைப் பற்றிப் படிக்கிறேன் என்று பெருமை பேசிக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லை. சைக்கிள் ஒதுங்கும் என்று டிரைவர் ஹாரன் அடித்தான். என் தம்பி இறங்கினான்.

5

நான் போய்ச் சேர்ந்தபோது அவன்மேல் ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

சைக்கிள் புளியமரத்தில் சாத்தியிருந்தது. முன்சக்கரம் வளைந்திருந்தது. அதன் கைப்பிடியில் சலோமி கட்டின துணி அப்படியே இருந்தது. துணிக்குள் தூக்கின் கம்பிக் காது மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. தகரம்தான் காதிலிருந்து பிய்ந்து போய்க் கொஞ்ச தூரத்தில் கிடந்தது. முடிச்சு அவிழவில்லை, துணி கிழியவில்லை. சைக்கிளை மண்டிக்கு எடுத்துப் போக வந்தவன் அவிழ்த்துத் தரச் சொன்னான். விரலால் முடியவில்லை, பல்லால் கடித்தும் முடியவில்லை. பையில் கட்டுத்துணி வெட்டுகிற கத்தரி இருந்தது. முடிச்சை விட்டு அதன் பக்கத்தில் வெட்டி எடுத்தேன். முடிச்சோடும் கம்பியோடும் இடுப்பில் செருகிக்கொண்டேன். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

முதலாளி மைல்கல்மேல் உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர், சட்டையெல்லாம் தூசி, தலையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தார். வருகிற ஒவ்வொருவனிடமும் அவர் கேட்டது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது: "ஒதுங்கத்தானேய்யா ஹாரன் அடிக்கிறது? இவன எறங்கச் சொன்னது யாரு? நான் சொன்னனா? எப்பனா சொன்னனா?"

அவர் சொன்னதே இல்லை. அது நிஜம். காரில் இருந்த மனிதருக்கு யார் இறங்குகிறார்கள், யார் இறங்கவில்லை என்றே தெரியாது. தாவீது சொன்னது சரியாகப் போயிற்று. ரைட்டர் பக்கத்தில்தான் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்: "உன் தம்பி எதுக்குய்யா நடு ரோட்டுல எறங்கினான்?"

ரைட்டர் தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான், "தெரியாதுங்க" என்றேன்.

"சைக்கிளை ஓட்டியவர் காரணமின்றி நடு ரோட்டில் இறங்கியதால்" என்று எழுதி வாசித்துக் காட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நன்றாக வந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது, தூக்குக் கதை எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சலோமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒழுங்காக் கட்லியா மாமா?" என்று கேட்டாள். அந்த நிமிஷம் என் இடுப்பில் அந்த முடிச்சு இருந்தது.

எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால், அப்புறம் அவர் எதுக்கு எறங்கினாரு என்று கேட்பாள். முதலில் அப்பாவின் வேலை போய்விடும் என்று பயந்தேன். அப்பா காலமான பிறகு சலோமியின் முகத்துக்குப் பயந்தேன். ரைட்டரும் செத்துப்போனார். அதற்குப் பிறகு பயப்பட யாருமில்லை, ஆனாலும் பழக்கமாகிவிட்டது. அவள் தன்மேல் போட்டுக்கொண்ட பழியில் நான் ஒதுங்கிக்கொண்டேன். தாவீது செத்த அந்த வருஷமே கப்பல் ஏறினேன். வேலைக்காகப் போகிறான் என்று எல்லாரும் சொன்னீர்கள். ஓடிப் போனேன்.

6

ஆஸ்பத்திரிப் பெஞ்சியில் வைத்தே கிருபையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் அழுவதை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"சித்திக்குத் தெரியுமாப்பா?" என்றாள்.

"தெரியாது."

"அப்போ அவங்க லெட்டருக்கு நீங்க என்ன எழுதுவீங்க?"

சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கி, பல்லால் கிழித்து, நான் எழுதியிருந்த இரண்டு வரியை வாசித்தாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அதனால் நேரமாயிற்று. பிறகு கவரைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தாள்.

"எல்லாக் கவர்லயும் என் கையெழுத்து" என்றாள். "இனிமே இதுக்கு நான் அட்ரஸ் எழுத மாட்டேன்."

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. பேசச் சொல்லி நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

நேற்றும் தோட்டத்துக்குள் துரையின் கார் வந்தது. நேற்றும் இறங்கினேன். பிழைப்பு. ஆனால் இப்போது முதலில் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். கிருபையின் கை சேர்ந்து அவள் மறுபடி சைக்கிள் ஏறும்போது, அவளை இறங்கு என்று சொல்ல மாட்டேன். துரை கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். என்ன பதில் என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்ததை எடுத்து ஒரு சின்னப் பார்சலாகக் கட்டினேன். தபால் ஆபீசில் அதற்கும் ஒரு தாள். உள்ளே என்ன என்று கேட்டார்கள். முடிச்சு என்றேன். அப்படி ஒரு சாமான் அவர்கள் புத்தகத்தில் இல்லையாம். பழைய துணி, இரும்புக் கம்பி என்று எழுதிக்கொண்டார்கள். மேலே விலாசத்தைக் கிருபை இடது கையால் எழுதினாள். எழுத்துக் கோணலாக இருக்கும், சலோமி பயப்பட வேண்டாம்.

இந்தக் குறிப்புகள் நம் சபைப் பத்திரிகையில் வந்தால், உபதேசியார் ஐயா, ஆராதனை முடிந்து எல்லாரும் இருக்கும்போதே சத்தமாக வாசியுங்கள். அன்று ரோட்டில் நின்ற கூட்டத்தில் மிச்சம் இருக்கிறவர்களும் கேட்கட்டும். என் பெயரை விட்டுவிட வேண்டாம். பிறகு பார்சலைச் சலோமி கையில் கொடுங்கள். யாரும் உதவிக்குப் போக வேண்டாம். அந்த முடிச்சை அவளே அவிழ்த்துப் பார்க்கட்டும். என்னால் முடியவில்லை.

சலோமி, நீ கட்டினது நின்றது. தாவீது காரணமில்லாமல் இறங்கவில்லை. நான் இறங்கச் சொன்னேன். இறங்கினான்.